எழுதிய வரிசை சார்பு ஆகாது

வழங்கிகளின் அமைப்பை நிரலாக எழுதிக் காக்கும் பப்பெட் போன்ற கருவிகள் எழுதிய வரிசையிலேயே வேலையை முடித்துவிடுவதால், தொகுதிகளுக்கிடையே சார்பைத் தனியே அறிவிப்பது வீண் உழைப்பு என்னும் வாதம், ஒரு கோப்புக்குள் மட்டும் பொருந்தும் உண்மையை அமைப்பு முழுவதற்கும் நீட்டுகிறது. 2015இல் வந்த பப்பெட் 4, சார்பு அறிவிக்கப்படாத இடங்களில் எழுதிய வரிசையை இயல்பாகக் கொண்டது மெய்தான். ஆனால் தரவுத்தளத் தொகுதியை ஒருவரும் அதை நம்பிய செயலித் தொகுதியை வேறொருவரும் எழுதும்போது, எது முந்தியது என்பதை மூன்றாவது கோப்பொன்று தற்செயலாகத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, மாவட்ட, வட்டப் பதிவுகளை இத்தகைய கருவியால் அமைப்பதாகக் கொள்வோம். பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர் மாவட்டம், 2002இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பதிவு அமைந்த பின்னரே வட்டங்களின் பதிவு அமையலாம் என்னும் நிபந்தனை வரிவரிசையில் மட்டும் ஒளிந்திருந்தால், இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உடையார்பாளையம், செந்துறை வட்டங்களுக்கான வரிகளைக் கையால் இடம்மாற்ற நேரும். ‘ரிக்வயர்’ என்னும் சொல்லால், அதாவது ‘இது அதற்குப் பின்’ என்ற வெளிப்படையான அறிவிப்பால் கட்டியிருந்தால், வரிகள் எங்கிருந்தாலும் உறவு குலையாது.

அறிவிப்புகள் பெருகினால் இரண்டு தொகுதிகள் ஒன்றையொன்று எதிர்பார்க்கும் சுழற்சி நேரும் என்ற அச்சமும் ஏற்கத்தக்கதன்று. சார்பைக் கோட்டுருவாகப் பார்க்கும் கருவி, வழங்கியில் எதையும் மாற்றும் முன்பே அச்சுழற்சியைக் கண்டு நின்றுவிடுகிறது. உண்மையான இடர் வேறு: வகுப்பு எனப்படும் பெயரிட்ட நிரல்தொகுப்பொன்றுக்குள் ‘இன்க்ளூட்’ எனச் சேர்க்கப்பட்ட உள்வகுப்பு வெளிவகுப்பின் எல்லைக்குள் அடங்காமல் வரிசையிலிருந்து நழுவுகிறது; அதைத் தடுக்கவே ‘கன்டெயின்’ என்னும் கட்டளை உள்ளது.