பச்சைக் கட்சிக்கு ஒரத்தநாட்டில் என்ன வேலை?

பொங்கல் அன்று காலை, வாசலில் பானை பொங்கி முடிந்த நேரத்துக்குச் சரியாக ஜெர்மனியிலிருந்து அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். ஸ்டுட்கார்ட்டில் வேலை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வாழ்த்துச் சொல்லி முடித்ததும் அவன் கேட்டது கரும்பைப் பற்றி அல்ல, தேர்தலைப் பற்றி.

"மாமா, மார்ச் 8-ம் தேதி இங்க மாநிலத் தேர்தல். எனக்கு முதல் ஓட்டு. பச்சைக் கட்சிக்குப் போடலாமான்னு யோசிக்கிறேன். உங்களுக்கும் இந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வருதுல்ல? மீத்தேனுக்கு எதிரா அவ்வளவு போராடுனீங்க, நம்ம ஊர்ல மட்டும் ஏன் ஒரு பச்சைக் கட்சி வரல?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா காதில் இது விழுந்துவிட்டது. அவனுக்குத் தாத்தா முறை. ஒரத்தநாடு பக்கம் நாலு ஏக்கர் சம்பா போட்டிருக்கிறவர். "கட்சி எதுக்குடா தம்பி? அதான் தோள்ல பச்சைத் துண்டு கிடக்குல்ல!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். செல்போனில் சத்தமாகப் பேசினால்தான் ஜெர்மனி வரைக்கும் கேட்கும் என்பது அவர் நம்பிக்கை.

பையன் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. நாலு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் காரணம் கணக்கு. ஜெர்மனியில் பசுமைக் கட்சி 1980-ல் கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்தது. மூன்றே வருஷத்தில், 1983 தேர்தலில், 5.6 சதவீத ஓட்டு வாங்கி 27 பேர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். 5 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டுக்கு ஏற்ற இடம் உண்டு என்பது அங்கே விதி. நம் ஊரில்? 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 6.5 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. கிடைத்த இடம் பூஜ்யம். கூடங்குளம் போராட்டத்தை நடத்திய சுப.உதயகுமாரன் பச்சைத் தமிழகம் என்றே பெயர் வைத்துக் கட்சி தொடங்கி, 2016-ல் ராதாபுரத்தில் நின்று பார்த்தார். 49 ஓட்டில் வெற்றி தோல்வி முடிவான தொகுதி அது. ஆனால் அந்தப் போட்டி நடந்தது இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவில்தான். தொகுதியில் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற முறையில், பச்சைக்கென்று தனிக் கடை போட்டால் போணி ஆகாது.

அதற்காக இங்கே பச்சை அரசியலே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? டெல்டாவில் அது கட்சி ஆபீஸில் இல்லை, களத்துமேட்டில் இருக்கிறது.

மீத்தேன் கதையை இளையவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியைச் சுற்றி பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதில் மீத்தேன் வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது நிலத்தடித் தண்ணீரின் அழுத்தம். வாயு வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற மண்ணில் நல்ல தண்ணீரை இறைத்தால் அந்த இடத்துக்கு எது வரும் என்பதை விளக்க விஞ்ஞானி வேண்டாம், வேதாரண்யத்துக்காரர் போதும்.

2010-ல் மத்திய அரசு தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டரை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2011 ஜனவரியில் அன்றைய தி.மு.க. அரசு அதே நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அப்போது எங்கள் ஊர்களில் மீத்தேன் என்ற வார்த்தையே யாருக்கும் தெரியாது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து, சாவடியிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார். பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்தில் இருக்கும்போதே 2013 டிசம்பர் 30 அன்று அவர் உயிர் பிரிந்தது. அந்த வருஷமே ஜூலையில் ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டது. 2015-ல் ஒரேயடியாகத் தடை வந்தது.

மீத்தேன் போய் ஹைட்ரோகார்பன் வந்தது. 2017-ல் நெடுவாசல். அதே வருஷம் ஜூன் 30-ம் தேதி கும்பகோணம் பக்கம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்தது. தடியடி, கைது, பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டவர்களுக்குச் சிறை. 2020 ஜனவரியில், எண்ணெய்க் கிணறு தோண்டிப் பார்க்கப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அடுத்த மாதமே முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, சட்டமும் கொண்டுவந்தார். புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டக் கூடாது. துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள் கூடாது. தோல் பதனிடும் ஆலை கூடாது. ஏற்கெனவே நடப்பவை நடக்கலாம் என்ற ஓட்டையும் அதில் உண்டு. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் சட்டத்துக்குள் வரவில்லை. இருந்தாலும் பெரிய சட்டம்தான், இல்லையென்று சொல்லக் கூடாது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் இன்றுவரை ஆச்சரியம். ஒரு வருஷம் கழித்து 2021-ல் தேர்தல் வந்தது. தஞ்சை மாவட்டத்தில் 8 தொகுதி. சட்டம் கொண்டுவந்த அ.தி.மு.க. ஜெயித்தது ஒரத்தநாடு ஒன்றில்தான். மற்ற ஏழும் தி.மு.க. அணிக்கு. அதாவது ஒப்பந்தம் போட்டவர்களைத் தண்டித்தும் ஓட்டு விழவில்லை, சட்டம் போட்டவர்களுக்கு நன்றி சொல்லியும் விழவில்லை. சித்தப்பாவிடம் கேட்டேன். "அது வேற, இது வேறப்பா" என்று முடித்துவிட்டார்.

ஆனால் எந்தக் கட்சிக்கும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. 2023-ல் அது நன்றாகத் தெரிந்தது. நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் எங்கள் பக்கத்து வடசேரியின் பெயர் வந்தது. கூடவே அரியலூர் மைக்கேல்பட்டி, கடலூர் சேத்தியாத்தோப்பு கிழக்கு. ஏப்ரல் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் ஒரே குரலில் எதிர்த்தன. மத்தியில் ஆளும் பா.ஜ.க.வின் தமிழகத் தலைவர்களும் வேண்டாம் என்றார்கள். 8-ம் தேதி மூன்று இடங்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். நாலே நாள்! எந்தப் பச்சைக் கட்சியும் எம்.எல்.ஏ. அனுப்பாத சட்டமன்றத்தில், அந்த நாலு நாளும் எல்லாக் கட்சியும் பச்சைக் கட்சிதான்.

இதை அக்கா மகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் ஒரு வீடியோ அனுப்பினான். 2024 ஜனவரி, பெர்லின் நகரின் நடுவில் ஆயிரக்கணக்கான டிராக்டர்கள். விவசாய டீசலுக்குத் தந்த வரிச் சலுகையை அரசு வெட்டியதற்கு எதிரான போராட்டம். மூன்று கட்சிக் கூட்டணி ஆட்சி. ஆனால் அடி விழுந்தது அதிகம் பசுமைக் கட்சிக்கு. வேளாண் அமைச்சர் ஜெம் ஓஸ்டெமிர் அந்தக் கட்சிக்காரர். 'எனக்கும் இதில் சம்மதமில்லை' என்று விவசாயிகள் நடுவே மேடையேறிச் சொன்னவரைக் கூச்சல் போட்டு அமுக்கினார்கள். பொருளாதார அமைச்சராக இருந்த இன்னொரு பசுமைத் தலைவர் குடும்பத்தோடு படகில் வந்து இறங்கப் போனபோது, கரையில் விவசாயிகள் மறித்து நின்றதால் இறங்கவே முடியவில்லை. அந்த வருஷம் ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் குழுவுக்கு 53 இடம்தான். 2019-ல் அது 74. இப்போது அதே ஓஸ்டெமிர்தான் அக்கா மகன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் பசுமைக் கட்சியின் முதல்வர் வேட்பாளர். அங்கே 2011 முதல் முதல்வர் பதவி அந்தக் கட்சியிடம்தான் இருக்கிறது.

அந்த ஊர் விவசாயிக்குப் பச்சை என்றால் எரிச்சல், நம் ஊர் விவசாயிக்கு அதுவே துண்டு. ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இதுதான். இங்கே பச்சை அரசியல் இதுவரை வெளியிலிருந்து வந்தவனைப் பார்த்து 'தோண்டாதே' என்று சொன்னது. அதில் எல்லோரும் ஒன்று சேரலாம், யாருக்கும் செலவில்லை. அங்கே அது விவசாயியைப் பார்த்தே 'நீ மாறு' என்று சொல்கிறது. டீசலைக் குறை, மருந்தைக் குறை, உரத்தைக் குறை. அந்த வார்த்தை ஒருநாள் நம் வயலுக்கும் வரும். வரும் என்ன, வந்தே விட்டது.

மீத்தேன் என்றோமே, அது நிலக்கரியில் மட்டும் இல்லை. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலிலிருந்தும் அதே வாயுதான் கிளம்புகிறது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பூமி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கு வழியும் உண்டு, வேளாண் துறைக்காரர்கள் பல வருஷமாகச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளை போட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும், விளைச்சலும் பெரிதாக அடிபடாது.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னால் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"தெரியும்ப்பா. போன குறுவைக்கு மூணு மாவுல போட்டுப் பார்த்தேன். பம்புசெட்டு இருக்கிறவனுக்குச் சரி. வாய்க்கால் தண்ணிய நம்பி இருக்கிறவன் காயப்போட்டுட்டு உட்கார்ந்தா, முறை மாறி அடுத்த தண்ணி பத்து நாள் தள்ளி வரும். அப்ப பயிருக்கு யாரு பதில் சொல்றது? அதான் தண்ணி வர்றப்பவே கட்டி நிறுத்திக்கிறோம்."

இந்தத் தேர்தலுக்கும் வாக்குறுதிகள் வரும். ஹைட்ரோகார்பனை விடமாட்டோம் என்று எல்லாக் கட்சியும் எழுதும், எழுதட்டும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலும் எடுப்போம், மூட்டையை மழையில் நனைய விடமாட்டோம் என்பார்கள். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிடப் பெரிய தேர்தல் அறிக்கை கிடையாது. கடைமடைக்கு எந்தத் தேதியில் தண்ணீர் வரும் என்று மட்டும் எந்த அறிக்கையிலும் நான் படித்த ஞாபகம் இல்லை.

நேற்று ராத்திரி அக்கா மகனைக் கூப்பிட்டேன். யாருக்குப் போடுவது என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. "சனிக்கிழமை பக்கத்துக் கிராமத்துச் சந்தைக்குப் போறேன் மாமா. பால் விக்கிறவர்கிட்ட கேட்டுப் பார்க்கணும்" என்றான்.

சித்தப்பா தன் பங்குக்கு ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். போன குறுவையில் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நின்ற நாள் எல்லாவற்றையும் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாராம். அந்தத் தாள்களைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஓட்டுக் கேட்டு முதலில் வருகிறவரிடம் காட்டுவதற்கு.