எதை எடைபோடுகிறோம்?

2016-இல் நம் மலேசியாவில் படிவம் 4 மாணவர்களுக்குத் தாலசீமியா சோதனை தொடங்கியது. டெங்கிலில் எடுத்தாலும் கிள்ளானில் எடுத்தாலும், ஹெச்பிஎல்சிக்குப் போகும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஈ இருந்தால் அது ஏ2-வின் இடத்திலேயே வந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய உடனே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை நினைக்கிறோம். நினைப்பது சரிதான். ஆனால் எதை எடைபோடுகிறோம்?

ஹீமோகுளோபின் ஈ-யில் பீட்டா சங்கிலியின் 26-ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம் போய் லைசின் வருகிறது. இயல்பான சங்கிலியின் எடை 15,867 டால்டன். மாற்றத்தால் குறைவது 1 டால்டன்கூட இல்லை. சாதாரண மால்டி-டாஃப் கருவியில் இரு சங்கிலிகளும் ஒரே உச்சமாகத்தான் எழும். ஹீமோகுளோபின் எஸ் என்றால் 30 டால்டன் குறையும், பிரித்தறியலாம். ஈ-யை முழுச் சங்கிலியில் தேடாமல் டிரிப்சினால் வெட்டிப் பாருங்கள். லைசின் வந்த இடத்தில் டிரிப்சின் புதிதாக ஒரு வெட்டு வெட்டும். 1,314.7-இல் வரும் வழக்கமான துண்டோடு 916.5-இல் இன்னொன்று தலைகாட்டும். டிஎன்ஏவிலோ ஜி-க்குப் பதில் ஏ. பிரைமரை ஒரே ஓர் எழுத்து நீட்டி எடைபோட்டால் வித்தியாசம் 16 டால்டன்.

பீட்டா தாலசீமியாவில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் புரதம் மாறுவதில்லை, குறைகிறது. ஐவிஎஸ்1-5 பிறழ்வைப் புரத நிறமாலையில் தேடிப் பயனில்லை. டிஎன்ஏ முறையும் நாம் பிரைமர் வைத்த இடத்தை மட்டுமே பார்க்கும். கோடான் 41/42 பிறழ்வு சீனரிடம் அதிகம், ஐவிஎஸ்1-5 மலாய்க்காரரிடமும் இந்தியரிடமும் உண்டு என்பது நமக்குத் தெரியும். அதற்காக, விண்ணப்பப் படிவத்தின் 'இனம்' கட்டத்தைப் பார்த்து எந்தப் பிறழ்வுகளைத் தேடுவது என்று முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கட்டத்துக்குள் அடங்காதவை.

ஈ மரபணுவைச் சுமக்கும் ஒருவரும் பீட்டா தாலசீமியாவைச் சுமக்கும் ஒருவரும் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அந்தத் தம்பதியிடம் 'பிறழ்வு இல்லை' என்று மொட்டையாக எழுதிக் கொடுக்கும் அறிக்கை பெருந்தீங்கு செய்யும். எந்தெந்தப் பிறழ்வுகளைப் பார்த்தோம், எதைப் பார்க்க இந்த முறைக்கு வழியில்லை என்ற இரண்டும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவ்விதழுக்கு நேர்வுக் கட்டுரை அனுப்புவோர் அந்தப் பக்கத்தையும், பெயர் நீக்கி, இணைத்து அனுப்புங்கள்.