மேசை ரோபோவும் தகுதிச் சான்றுதான்

காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மாலைக்குள் முடிவு வருகிறது என்றால், பெரிய ஆய்வகங்களில் அதற்குக் காரணம் இயந்திரங்கள். மாதிரிக் குழாயின் பார்கோடைப் படிப்பது, அளவு பிசகாமல் உறிஞ்சுவது, வேதிப்பொருளோடு கலப்பது எல்லாம் அவற்றின் வேலை. அவற்றை வடிவமைக்கும் பொறியாளருக்கு இயந்திரவியல், மின்னணுவியல், மென்பொருள், வேதியியல் நான்கிலும் பழக்கம் வேண்டும். ஒரு பட்டம் இத்தனையையும் தருவது அரிது. எனவே, இத்துறைக்கு ஆள் எடுக்கும்போது, ஒருவர் ஆர்வத்தால் சொந்தமாகச் செய்து பார்த்த ரோபோக்களையும் தகுதியாக எண்ண வேண்டும்.

இத்துறையின் வரலாறே அதற்குச் சான்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் லியோனார்ட் ஸ்கெக்ஸ், மாதிரிகளைக் காற்றுக் குமிழிகளால் பிரித்து ஒரே குழாயில் அடுத்தடுத்து ஓடவிடும் கருவியை உருவாக்கினார். 1957இல் அது ‘ஆட்டோ அனலைசர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை உருவாக்குவதில் பங்கேற்றவர் அவர். சவ்வு வழியாகப் பிரித்தெடுக்கும் அந்த நுட்பம் புதிய கருவியிலும் இடம்பெற்றது. ஒரு துறையில் கை பழகியது, இன்னொரு துறையில் பயன்பட்டது. பிற்காலத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில், உயிரியல் ஆர்வலர்களின் பொது ஆய்வுக்கூடச் சூழலில் உருவான ஓப்பன்ட்ரான்ஸ் நிறுவனம், திரவத்தைக் கையாளும் மலிவான ரோபோவுக்காக 2014இல் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. அந்நிறுவனத்தின் ரோபோக்கள் 2020இல் அந்நகரின் கோவிட் பரிசோதனைக்கே கைகொடுத்தன.

“பொழுதுபோக்குக் கருவிக்கும் நோயாளியின் உயிருக்கும் என்ன சம்பந்தம்?” என்ற கேள்வி நியாயமானது. மருத்துவ ஆய்வகங்களுக்கு ஐஎஸ்ஓ 15189 போன்ற தர நெறிகள் உள்ளன. சரிபார்ப்பும் ஆவணமும் இல்லாத கருவியை அங்கே அனுமதிக்கவே கூடாது. ஆனால், இங்கே கேட்பது கருவிக்கான அனுமதி அல்ல, அதைச் செய்தவருக்கான மதிப்பு. ரத்தச் சீரம் தண்ணீர்போல் ஓடாது. நுரைக்கும், உறைந்த துணுக்கு ஊசியை அடைக்கும். பிழை மோட்டாரிலா, உணரியிலா, நிரலிலா, திரவத்திலா என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டுபிடிக்கும் பொறுமை அங்கே வேண்டும். ஆர்டுயினோ எனும் நிரலெழுதக்கூடிய சிறு மின்னணுப் பலகையோடும் பழைய மோட்டாரோடும் மல்லுக்கட்டியவருக்கு அந்தப் பொறுமை பழகியிருக்கும். தர நெறியைப் பணியில் சேர்ந்தபின் கற்பிக்கலாம். இந்தப் பொறுமையைச் சில வாரப் பயிற்சியில் ஊட்டிவிட முடியாது.

வசதி உள்ளவர்களுக்குத்தானே இத்தகைய பொழுதுபோக்கு வாய்க்கும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்காகத் திறமையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது தீர்வாகாது. வாய்ப்பைப் பரவலாக்குவதே தீர்வு. இந்தியாவில் பள்ளிகளில், மாணவர்கள் தாமே கருவிகளைச் செய்து பார்ப்பதற்கான 10,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் மேலும் 50,000 அமைப்பதாக 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அவை பூட்டிக் கிடக்காமல் மாணவர் கைகளுக்கு எட்ட வேண்டும். கல்லூரிகள் மாணவர்களின் சொந்த முயற்சிகளுக்கு மதிப்பெண் தர வேண்டும். நேர்காணலில் நிறுவனங்கள், “எதைச் செய்தீர்கள், அது ஏன் பழுதானது, எப்படிச் சரிசெய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். பட்டம் சொல்லாத பலவற்றை அந்தப் பதில் சொல்லிவிடும்.