கைச்சதையில் இருந்து எடுப்பது எவ்வளவு?



நாங்கள் ஆறு தமிழ்ப் பெண்கள் இங்கே ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையின் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிறோம். தேத்தண்ணி நேரத்தில் மூன்று கதைதான் சுற்றிச் சுற்றி வரும்: விசா, பிள்ளைகளின் படிப்பு, உடம்பு. இம்முறை மூன்றாவதை எழுதுகிறோம்.

எங்களில் ஒரு அக்கா, மகளின் சாமத்தியவீட்டுக்கு முன்னம் மேற்கைச் சதையை உறிஞ்சி எடுக்கப் போவதாகச் சொன்னா. சீட்டுக் காசு கைக்கு வருகிறதாம். "ஐந்து கிலோவாவது குறையும்" என்பது அவவின் கணக்கு. அந்தக் கணக்குச் சரியா என்று தேடிப் பார்த்தோம்.

லைப்போசக்சன் என்ற இந்தச் சத்திரசிகிச்சையில் ஒரு கையில் இருந்து பொதுவாக 200 முதல் 500 மில்லிலீற்றர் வரைதான் எடுப்பார்கள். மெல்லிய கை என்றால் இன்னும் குறைவு, மிகப் பருத்த கை என்றால் கொஞ்சம் கூட. தேத்தண்ணிக் கோப்பையால் அளந்தால் ஒரு கோப்பை, மிஞ்சினால் இரண்டரை. கொழுப்பு தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. அரை லீற்றர் கொழுப்பு ஏறத்தாழ 450 கிராம்தான். இரண்டு கையையும் சேர்த்தாலும் ஒரு கிலோ வராது! போத்தலில் காட்டுவது முழுவதும் கொழுப்பும் அல்ல, ஊசியால் ஏற்றிய நீரும் இரத்தமும் அதில் கலந்திருக்கும். சட்டையின் கை தளரும் என்பது உண்மை. ஆனால் இது நிறை குறைக்கும் வைத்தியம் அல்ல.

முதலில் உப்புநீரில் விறைப்பு மருந்தும் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து கைக்குள் ஏற்றுவார்கள். கை வீங்கி இறுகிய பின், சிறு துவாரம் போட்டு மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள். இந்த முறையை அமெரிக்கத் தோல் வைத்தியர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் எழுதி வெளியிட்டார். விறைப்பு மருந்து அளவு மிஞ்சினால் இருதயத்தைத் தாக்கும், ஆகவே மலிவு பார்க்கிற இடம் இது அல்ல.

ஏன் கூட எடுப்பதில்லை? அளவுக்கு மிஞ்சி எடுத்தால் தோல் குண்டும் குழியுமாகும். முன்னரே தொய்ந்த தோல் என்றால் உள்ளே இருந்ததும் போக இன்னும் தொங்கும். அதை வெட்டித் தைப்பது வேறு சத்திரசிகிச்சை. அக்குளில் இருந்து முழங்கை வரை தழும்பு வரும், எங்களைப் போன்ற கறுத்த தோலில் அது தடித்துக் கறுக்கும் வாய்ப்பும் கூட.

"சீனி வருத்தத்துக்கும் நல்லதாமே" என்று இன்னொரு அக்கா கேட்டா. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பருமனான 15 பெண்களின் வயிற்றில் இருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதமளவில் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் விதமோ இரத்த அழுத்தமோ கொலஸ்ரரோலோ திருந்தவில்லை. பத்துக் கிலோவுக்கே அப்படியென்றால் இரண்டு கோப்பைக்கு என்ன வரும்?

இனிக் காசு. அழகுக்காகச் செய்தால் கிராங்கன்காச தராது, சில ஆயிரம் யூரோ நாங்களே கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய விசயம் ஒன்று உண்டு. கிருமி பிடித்தோ வேறு சிக்கல் வந்தோ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்தச் செலவில் ஒரு பங்கைக் காச எங்களிடம் கேட்கும், நோய்க்காலப் பணத்தையும் மறுக்கலாம். சட்டமே அப்படித்தான். அழகுக்காகச் செய்த சிகிச்சைக்கு நிற்கும் நாட்களுக்கு முதலாளி சம்பளம் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. கந்தோரில் இருப்பவர் சில நாளில் வேலைக்குப் போவார். பெட்டி தூக்கும் எங்களுக்கு வாரக்கணக்கு ஆகும், இறுக்கமான கையுறை போன்ற துணியையும் நாலு ஆறு வாரம் போட வேண்டும்.

ஆனால் எல்லாக் கைச்சதையும் ஆசைக்கதை அல்ல. இரண்டு கையும் காலும் ஒரே அளவாகப் பருத்து, தொட்டால் நொந்து, சின்ன அடிக்கே கண்டிப்போய், கைப்பாதமும் கால்பாதமும் மட்டும் பருக்காமல் இருந்தால் அது லிப்பொடீம் என்ற வருத்தமாக இருக்கலாம். எங்கள் பெண்கள் பலர் "பரம்பரை உடம்பு" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இதற்கு 2020 முதல் ஜேர்மனியில் கடும் கட்டத்தில் காச காசு கொடுத்தது, 2025இல் எல்லாக் கட்டத்துக்கும் நிபந்தனைகளோடு விரிக்க முடிவெடுத்தார்கள். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் ஒரு கை மட்டும் வீங்கினால் அது வேறு, உடனே வைத்தியரிடம் போங்கள்.

எதற்கும் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். 'அழகுச் சத்திரசிகிச்சையாளர்' என்ற பலகையை இங்கே எந்த வைத்தியரும் போடலாம். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் பாக்ஆர்ஸ்ட் பட்டம் உண்டா என்று பாருங்கள். எத்தனை மில்லிலீற்றர் எடுப்பீர்கள், தோல் தொங்குமா, பிறகு சிக்கல் வந்தால் யார் கட்டுவது என்று கேளுங்கள். மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். வளர்ந்த, பாஷை தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள், கையெழுத்து வைக்கும் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிப்பித்து விட்டு வையுங்கள்.