மெல்ல அசையும் கலை

உடற்பயிற்சி என்றால் ஓடுதல், குதித்தல், வியர்வை சிந்துதல் என்றே பலரும் எண்ணுவர். சீன நாட்டின் தாய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றவல்லது. ஹெனான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், சென் குடும்பத்தாரிடையே போர்க்கலையாக உருப்பெற்றது இது என்பர். 1956ஆம் ஆண்டு சீன அரசின் விளையாட்டுத் துறை, பொதுமக்கள் எளிதிற் பயிலும் வண்ணம் இதனை 24 அசைவுகளாகச் சுருக்கித் தந்தது. அவற்றைச் செய்துமுடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும். 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இக்கலையைச் சேர்த்தது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இக்கலை எதற்கு என்னும் வினா எழலாம். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டுவோரும், பட்டாசுக்குத் திரி வைப்போரும் நாள்தோறும் பல மணிநேரம் அமர்ந்தே பணியாற்றுகின்றனர். விரல்கள் விரைந்து இயங்கும். இடுப்பும் முழங்காலும் அசைவின்றிக் கிடக்கும். எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் பலராதலின், எழுந்து நிற்கும் நேரமும் அவர்களுக்கு இழப்பே. நாள் முழுதும் உழைக்கும் உடலுக்குத் தனியே பயிற்சி வேண்டுமோ என்பார் உளர். அந்த உழைப்பில் பங்கேற்காத கால்களுக்கும் முதுகுக்குமே பயிற்சி வேண்டும். முழங்கால் மூட்டுத் தேய்வுக்குத் தாய்ச்சியை அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கல்லூரி 2019இல் வலுவாகப் பரிந்துரைத்துள்ளது. முதியோர் தடுமாறி விழுவதை இப்பயிற்சி குறைக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.

தொடங்குவோர் முதல்நாளே 24 அசைவுகளையும் கற்க முனைவதே பெரும்பிழை. நிற்கக் கற்பதே முதற்பாடம். தோள் அகலத்திற்குக் கால்களை அகற்றி, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, தலையை நிமிர்த்தி நிற்றல் வேண்டும். பின்னர் உடலின் எடை முழுவதையும் மெல்ல ஒரு காலுக்கு மாற்ற வேண்டும். மற்றக் கால் பாரமின்றி வெறுமையான பிறகே அதை எடுத்து வைக்கலாம். முழங்கால் கால்விரல்களைத் தாண்டி முன்னே செல்லலாகாது. மூச்சை அடக்கவும் வேண்டா. அது தன்போக்கில் வரட்டும். பார்ப்பதற்கு எளிதெனத் தோன்றும் இதனைச் சில நிமிடங்கள் செய்தாலே தொடைகள் நடுங்கும். சிலம்பம் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. அங்கும் கம்பு சுழற்றுவதற்கு முன் காலடிப் பயிற்சியே தரப்படுகிறது. தாய்ச்சி ஆசிரியர் கிடைக்காத ஊர்களில், காலடி நன்கறிந்த சிலம்ப ஆசான் ஒருவரே வயதுவந்தோர்க்கு இத்தொடக்கத்தைக் கற்றுத்தர இயலும். ஆனால் சிலம்பக் களங்கள் பெரும்பாலும் சிறுவர்க்கும் போட்டிகளுக்குமே ஒதுங்கிவிட்டன. நாற்பது வயதுப் பெண்ணொருத்தி அங்கே சென்று நிற்கக் கூசுவாள்.

மெதுவாக இயங்குவது இம்மண்ணுக்குப் புதிதன்று. மருந்து கலக்கும் அறையில் விரைவும் உராய்வும் உயிரைப் பறிக்கும் என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிவர். ஆங்கே உயிர்காக்கும் நிதானம், எண்ணிக்கைக் கூலியால் பிற வேலைகளில் இழக்கப்படுகிறது. நியாயமான கூலிக்கும் பாதுகாப்பான பணியிடத்துக்கும் தாய்ச்சி ஒருபோதும் மாற்றாகாது. கூலியைக் குறைக்காமல் நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருவது ஆலை உரிமையாளர் கடமை. அதனைத் தொழிலாளரின் ஓய்வுநேரத்தில் சுமத்துவது முறையன்று. மாலையில் வெயில் தணிந்தபின் பள்ளித் திடல்களை வயதுவந்தோர்க்கும் திறந்துவிடலாம். திடலின் ஓரத்தில் நான்கைந்து நாற்காலிகளும் இருத்தல் நலம். நெடுநேரம் நிற்க இயலாதோர் அமர்ந்தபடியே கையசைவுகளைத் தொடங்கலாம்.