நீங்கள் தந்த எண்கள் எங்கே போகின்றன?

நோட்பேடைத் திறந்து எழுத்தின் அளவை 11-லிருந்து 16 ஆக மாற்றுகிறீர்கள். மறுநாள் திறந்தாலும் அதே 16 இருக்கிறது. இந்த எண் எங்கே பதிவாகிறது என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிஸ்டத்தை ஃபார்மட் செய்து தருபவர் டாகுமெண்ட்களையும் போட்டோக்களையும் காப்பி எடுத்து வைப்பார். கண் பார்வை குறைந்த பெரியவருக்காக ஒவ்வொரு புரோகிராமிலும் பார்த்துப் பார்த்து அமைத்த எழுத்தளவு, ஒலி அளவு, மவுஸ் வேகம் ஆகியவற்றை யாரும் நினைப்பதே இல்லை.

விண்டோஸ் 3.1 காலத்தில் பெரும்பாலான புரோகிராம்கள் இத்தகைய எண்களை ஐஎன்ஐ என்ற துணைப் பெயர் கொண்ட ஃபைல்களில் எழுதி வைத்தன. யாரும் திறந்து படிக்கலாம். 1995-ல் விண்டோஸ் 95 வந்த பிறகு, ரிஜிஸ்ட்ரி என்னும் பொதுக் கிடங்கு முக்கிய இடமாயிற்று. விண்டோஸ் 10 வரையிலான நோட்பேட் தன் எழுத்தளவை அங்கேதான் வைத்தது. நீங்கள் தந்த 16 அங்கே 160 என்று இருக்கும். ரிஜிஸ்ட்ரியின் டிவேர்ட் என்ற வகை முழு எண்களை மட்டுமே ஏற்கும். எனவே பாயிண்ட்டின் பத்தில் ஒரு பங்கு இங்கே அலகாகிறது. 10.5 என்றால் 105.

ரிஜிஸ்ட்ரியில் நன்மையும் உண்டு. ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் நால்வருக்கும் தனித்தனி அமைப்பு கிடைக்கிறது. ஆனால் இதே வசதியை ஆப்டேட்டா என்ற ஃபோல்டரும் தருகிறதே! பயர்பாக்ஸ், விஎல்சி, நோட்பேட் பிளஸ் பிளஸ் ஆகியவை தங்கள் அமைப்புகளை அங்கே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக வைக்கின்றன. காப்பி செய்தால் போதும், கையோடு எடுத்துப் போகலாம். என் ஓட்டு இவற்றுக்குத்தான்.

புரோகிராம் எழுதுபவர்களிடம் இன்னும் இரண்டு கேட்கலாம். முதலாவது, எண்ணை மாற்றிய உடனே பதிவு செய்ய வேண்டும். பல புரோகிராம்கள் மூடும்போதுதான் எழுதுகின்றன. நடுவில் கரண்ட் போனால் நீங்கள் செய்த மாற்றமும் போச்சு. இரண்டாவது, திரும்பப் படிக்கும்போது அந்த எண் சரியா என்று பார்க்க வேண்டும். மினிமைஸ் செய்த விண்டோவை விண்டோஸ் மைனஸ் 32000 என்ற இடத்தில் வைக்கிறது. அந்த நிலையில் புரோகிராமை மூடினால், கவனமில்லாத புரோகிராம் அதையே பதிவு செய்துவிடும். அடுத்த முறை புரோகிராம் ஓடும், டாஸ்க்பாரில் தெரியும், ஆனால் திரையில் வராது. வைரஸ் என்று நினைத்துப் பயப்படுவீர்கள். அப்போது டாஸ்க்பாரில் அதைக் கிளிக் செய்து, ஆல்ட் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டி, எம் கீயை அழுத்துங்கள். பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறி கீயைத் தட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால் விண்டோ அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும்.

நல்ல புரோகிராம்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, ரன் பாக்ஸில் ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி இட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள். மறைந்திருக்கும் அந்த ஃபோல்டர் திறக்கும். நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம்களை மூடிவிட்டு, அவற்றின் பெயரில் உள்ள ஃபோல்டர்களைப் பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். ரிஜிஸ்ட்ரியில் எழுதும் புரோகிராம்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புரோகிராம் பெயர், மெனு, நீங்கள் தந்த எண் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தபின் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

எந்தப் புரோகிராமாக இருந்தாலும், அமைப்புகளை எக்ஸ்போர்ட் செய்ய வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். எண்ணைத் தந்தவர் நீங்கள். அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களுடையதே.