உத்வேகம் என்னும் சாக்கு

உத்வேகம் கூடவில்லை என்று நம் நாவலாசிரியர்கள் அலுத்துக்கொள்வதை இனியும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆண்டனி ட்ரோலப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை 5.30க்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவர் இறந்த மறு வருஷம், 1883இல், சுயசரிதை வெளிவந்து இந்தக் கணக்கு அம்பலமானதும் பலர் முகம் சுளித்தார்கள். குமாஸ்தா வேலை சிருஷ்டியாகுமா என்ற அதே சுளிப்பு நம்மிடையே இன்றும் இருக்கிறது.

1855இல் வெளியான 'தி வார்டன்' நாவல் அவர் மனதில் விழுந்தது, தபால் வேலையாக ஊர் ஊராக அலைந்த நாட்களில், ஸால்ஸ்பரி தேவாலயத்தைச் சுற்றி நடந்த ஒரு கோடை மாலையில். பொறி அவருக்கும் வந்தது, ஒரு மாலைதான். மிச்சமெல்லாம் உட்கார்ந்து எழுதிய உழைப்பு. வங்கிக் கவுண்ட்டரில் உட்காருகிற எனக்கு இதில் அவமானம் எதுவும் தெரியவில்லை.

அவருடைய எல்லா நாவலும் தேறாது என்பது வாஸ்தவம். ஆனால் தேறாததை விமர்சிக்கலாம். காத்திருப்பவர்களின் மௌனத்தை ஆழம் என்று நாம் கொண்டாடினோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. எழுதப்படாத நாவலை யார் விமர்சிப்பது?